ரியாத்துக்குக் குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி: ரியாத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவியையும் இரண்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா? பாலைவனம் என்றாலே பயமாக இருக்கிறதே!
- ஒரு வாசகர், தேனி

பதில்: வெயிலுக்குப் பயப்படாதீர்கள்; ஜூலையில் 43 டிகிரி அடித்தாலும் சென்னையின் கசகசப்பு இருக்காது. ஊர் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஜனவரி இரவில் மகளுக்கு ஸ்வெட்டர் தேடுவீர்கள்.

பயப்பட வேண்டியது கணக்குக்குத்தான். உடன் வரும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் அரசுக் கட்டணம். இரண்டு பேருக்கு ஆண்டுக்கு 9,600. மகள் சாப்பிடுவது நாலு வாய்தான் என்றாலும், கட்டணத்தில் அவளும் பெரிய மனுஷி! அதைக் கம்பெனி கட்டுமா, வீட்டு வாடகை தருமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மனைவி வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டுமோ என்ற கவலையும் வேண்டாம். 2018 முதல் பெண்கள் அங்கே கார் ஓட்டுகிறார்கள்; 2024 டிசம்பரில் மெட்ரோவும் ஓடத் தொடங்கிவிட்டது.

முதலில் நீங்கள் மட்டும் போய் வீடு பாருங்கள். கோடை தணிந்ததும், நவம்பர் வாக்கில் அவர்களை வரவழையுங்கள். அதுவரை உங்கள் சமையலை நீங்களே சாப்பிடுவீர்கள் அல்லவா? அப்புறம் ‘குடும்பத்தைக் கூட்டி வரலாமா’ என்று யாரிடமும் கேட்க மாட்டீர்கள்!