போல்ட் விளக்கும் பெரியவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயம்புத்தூரில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில், சக்கரமில்லாத ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஒன்று நாலு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தால், பக்கத்து முக்காலியில் இவரைப் பார்க்கலாம். மடியில் கிழிந்த வேட்டித் துணி, கையில் கம்பி பிரஷ். கார் ஓட்டத் தெரிந்தவரை இவர் பெரிதாக மதிப்பதில்லை. கழற்றத் தெரிந்தவரிடம்தான் பேச்சே.

1965 மாடல் பீட்டிலுக்குச் சக்கரத்துக்கு 5 போல்ட். ஆக மொத்தம் 20. அவை 30 குழி முட்டை அட்டையில் வரிசையாக நிற்கும். முன் இடது, பின் வலது என்று மார்க்கரில் குறிப்பு வேறு. எல்லாம் ஒரே அளவுதானே, எதை எங்கே மாட்டினால் என்ன என்று கேட்டவருக்கு அன்றைக்குக் காபி கிடையாது. மிச்சமுள்ள 10 குழி, இனி வாங்கப்போகும் காருக்கு. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

வேலை டீசலில் தொடங்கும். ஓர் இரவு ஊறினால் கிரீஸும் மண்ணும் இளகிவிடும். அடுத்தது துரு. ஆசிட்டில் போட்டால் சீக்கிரம் முடியும். ஆனால் அசந்தால் துருவோடு மரையையும் தின்றுவிடும், போதாததற்கு ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து... என்று இவர் ஆரம்பித்தால் பால்காரர் வண்டியைத் திருப்பிவிடுவார். ஆகவே புளிக்கரைசல். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் துருவை மெதுவாகத்தான் கரைக்கும். இவருக்கும் அவசரமில்லை.

"ஏனுங்க, ரசத்துக்கு எடுத்து வெச்ச புளி எங்கீங்க?"

"போல்ட்டுக்குப் போட்டுட்டேன் அம்மிணி. இன்னிக்கு எலுமிச்சம்பழ ரசம் வெச்சுக்கலாம்."

பிறகு உப்புத்தாள். 120-இல் தொடங்கி 220, 400, 600 என்று ஏறி, கடைசியில் பஃபிங். தலைக்கு மட்டும்தான், மரைப் பக்கம் தாள் போகாது. இத்தனை பாடு எதற்கு என்றால் அதற்கும் கணக்கு உண்டு. அடுத்தது குரோம் முலாம். அதில் மேலே பூசும் குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் கீழே. அடியில் உள்ள நிக்கல்தான் பத்து, இருபது மைக்ரான். இரண்டும் சேர்ந்து ஒரு கீறலைக்கூட மறைக்காது. பளபளவென்று ஊருக்குக் காட்டிக்கொடுக்கும்.

முலாம் பூசும் பட்டறையில் இவர் தலை தெரிந்தாலே முதலாளிக்குப் போன் வந்துவிடும். இவர் விட்டபாடில்லை. மரையிலும், சக்கரத்தில் பதியும் முகத்திலும் குரோம் ஏறக் கூடாது, மறைப்பு ஒட்ட வேண்டும். பூசிய நாலு மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்து, 190 டிகிரிக்குக் குறையாமல் சில மணி நேரம் சூடேற்ற வேண்டும். இது வீண் பிடிவாதமும் அல்ல. ஆசிட் தொட்டியிலும் முலாம் தொட்டியிலும் எஃகுக்குள் புகும் ஹைட்ரஜனை வெளியேற்றாவிட்டால், உறுதி கூடிய போல்ட், பார்வைக்கு நன்றாக இருந்துகொண்டே ஒருநாள் பட்டென்று முறியும். இவருடைய போல்ட் எந்த ரகம் என்று பார்க்கலாமென்றால், அதன் தலையெழுத்தைத் துரு தின்றுவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று அரை மணிக்கொரு தரம் போன் செய்து, வெந்துவிட்டதா என்று கேட்கிறார்.

"ஏனுங்ணா, இது போல்ட்டுங்களா, மாப்பிள்ளைங்களா?" என்று பட்டறைக்காரர் கேட்டதில் தப்பில்லை.

இருபதும் மின்னிக்கொண்டு வந்து சேர்ந்தன. மாட்டியாயிற்று. மேலே வீல் கப்பைத் தட்டிப் பொருத்தினார். அத்தனை போல்ட்டும் உள்ளே போய்விட்டன! பீட்டிலின் அமைப்பே அப்படித்தான். வீல் கப்பைக் கழற்றினால்தான் போல்ட் கண்ணில் படும். அதனால் கழற்றும் கொக்கி எப்போதும் சட்டைப் பையில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள்கூட நாலு சக்கரத்தையும் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றவே முடியும்.

புதிதாக முலாம் பூசிய வீல் போல்ட்டை, முதல் 100 கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்த்து இறுக்க வேண்டும். இவருக்கு அந்தக் கவலை இல்லை. வண்டி அவ்வளவு தூரம் ஓடுவதற்குள் பம்பரைக் கழற்றிவிடுவார்.