உடுக்குறிப் பலன்: பெங்களூரு வீட்டு இணையத் திட்டங்களில் நட்சத்திரத்தின் இடம்

பெங்களூருவில் புது வீட்டுக்குக் குடிபோகிறவர் கைக்குப் பால் பாக்கெட்டுக்கு முன்பே வந்து சேர்வது இணைய இணைப்புக்கான துண்டறிக்கை. அதன் மூலபாடம் நான்கே வரி: வேகம் 100 எம்பிபிஎஸ், டேட்டா அன்லிமிடெட், மாதம் இவ்வளவு ரூபாய், ரௌட்டர் இலவசம். கீழே பொடி எழுத்தில் உரை. மூலத்தைவிட உரை நீள்வதும், உரையைப் படித்தபின் மூலம் புரியாமல் போவதும் தமிழறிஞர்களுக்குப் பழகிய நிலைதான். ஆனால் மூலத்தையும் உரையையும் கட்டிவைக்கும் அந்தச் சின்னஞ்சிறு உடுக்குறியை (*) ஆய்வுலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இக்கட்டுரை அக்குறையைப் போக்க முயல்கிறது.

ஆய்வெல்லை: 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட் மட்டுமே என்ற பிட்–பைட் சிக்கல் இங்கே விரிக்கப்படவில்லை. எட்டால் வகுக்காதது சந்தாதாரர் குற்றம். அபார்ட்மென்ட் சங்கம் ஒரே கம்பெனியை உள்ளே விடுவது அரசியல் அறிவியல். திரும்பக் கிடைக்கும் என்று சொல்லி வாங்கும் ரௌட்டர் டெபாசிட் இறையியல்.

காலநிர்ணயம் எளிது. 2004ஆம் ஆண்டுக் கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட். 2013இல் 512 ஆயிற்று. 2023 ஜனவரியில்தான் 2 எம்பிபிஎஸ். காலத்தைப் பின்னுக்குத் தள்ளத் தள்ளப் பெருமை கூடும் என்று நம்பும் அறிஞர்கள் இத்துறைக்கு வர வேண்டாம். இங்கே பின்னால் போகப் போக வேகம்தான் குறையும்.

இனி உடுக்கள். விலைமேல் நிற்பது முதல் உடு. 399 ரூபாய்த் திட்டம் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 470 ரூபாய் 82 காசாகப் பலிக்கும்.

இலவசத்தின்மேல் நிற்பது இரண்டாம் உடு: ஆறு மாதப் பணத்தை முன்னால் கட்டு.

மூன்றாவது, அன்லிமிடெட்டின்மேல் நிற்கும் பேருடு. 2020 செப்டம்பர் முதல் ஜியோ ஃபைபர் ‘ட்ரூலி அன்லிமிடெட்’ என்று விற்ற திட்டங்களின் அடியுரையில் 3300 ஜிபி என்றோர் எல்லை இருந்தது. 100 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் இறக்கினால் நாளொன்றுக்கு 1080 ஜிபி; மூன்றே நாளில் முடிவிலி முடிந்துவிடும். அப்படி இறக்குகிறவர் யார் என்று கம்பெனி தரப்பு கேட்கலாம். நியாயமான கேள்வி; சாதாரணக் குடும்பம் அந்த எல்லையைக் கண்ணால்கூடப் பார்க்காது. ஆனால் ஆய்வாளருக்குத் தேவை தத்துவம். எல்லை உடைய ஒன்று எல்லையற்றதாக இருக்க முடியுமா?

முடியும் என்கிறது கீழ்வீட்டார் உரை. எல்லைக்கு அப்பாலும் இணையம் வருகிறது, வேகம்தான் வருவதில்லை என்பது அதன் துணிபு. மேல்மாடியார் உரை (இரண்டாம் படிக்கட்டு, லிஃப்ட் பழுதான அன்று கேட்டது) இதை மறுக்கிறது. இந்திராநகர்ப் படியோ (ரௌட்டர் அட்டைப்பெட்டியின் உட்புறம், காபிக் கறைக்கு இடப்பக்கம், பல்லி முட்டையால் இரண்டு எழுத்து சிதைந்தது) ‘அன்’ என்பதே இடைச்செருகல், மூலத்தில் ‘லிமிடெட்’ மட்டுமே இருந்தது என்று பாடம் ஓதுகிறது. ஐ.எஸ்.பி.என். எண்ணோடு வரும் கருத்தரங்கத் தொகுதி ஒன்றில் இடம் கிடைத்தால் இதுவே நாற்பது பக்கம் வரும். பதவி உயர்வும் வரும்.

சட்டநூலோ தன் போக்கில் பேசுகிறது. எல்லை தாண்டியபின் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது என்றது 2016இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இட்ட ஆணை. 2 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறைந்தது பிராட்பேண்டே அல்ல என்கிறது 2023இன் வரையறை. இரண்டையும் சேர்த்து வாசித்தால், எல்லை தாண்டி 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிய சந்தாதாரர் பிராட்பேண்டுக்குப் பணம் கட்டி, பிராட்பேண்ட் அல்லாத ஒன்றை, ஆணைக்குக் குறையின்றி அனுபவிக்கிறார். 2022 ஜூனில் வந்த விளம்பர நெறிமுறைகள், விளம்பரம் சொல்வதை அடிக்குறிப்பு மறுக்கக் கூடாது, இரண்டின் எழுத்துருவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கின்றன. அதைக் கடைப்பிடித்தால் உரைகாரர் மரபே அழிந்துவிடும் என்று ஆய்வாளர் அஞ்சுகிறார்.

நான்காம் உடு வேகத்தின்மேல் நிற்பது. இதில் இரு பள்ளிகள். துண்டறிக்கையில் அச்சான எண்ணே வேகம் என்பது வாக்கியப் பள்ளி. கருவி வைத்து அளந்ததே வேகம் என்பது திருக்கணிதப் பள்ளி. சனி பகவான் விஷயத்திலேயே இப்பெயர் கொண்ட இரு பஞ்சாங்கங்களும் ஒத்துப்போகவில்லை: 2023 ஜனவரி 17 அன்று அவர் கும்பத்துக்குப் போய்விட்டார் என்றது திருக்கணிதம், டிசம்பர் 20 வரை மகரத்திலேயே உட்காரவைத்தது வாக்கியம். வீட்டு இணையத்தில் இந்த இடைவெளி இரவு எட்டு மணிக்கு, தெருவே படம் பார்க்க உட்காரும்போது, தெளிவாகத் தெரியும். ஒரு கொள்ளளவை ஐம்பது வீடுவரை பங்கிடலாம் என்று டிராய் 2009இலேயே வழிகாட்டியிருக்கிறது. அளக்கும் கருவியும் முழுக்கத் திருக்கணிதம் அல்ல. ஸ்பீட் டெஸ்ட் தேடிப் பிடிக்கும் பக்கத்து சர்வர் பல நேரம் அதே கம்பெனியின் வலைக்குள்ளேயே இருக்கும். மாணவனே தன் விடைத்தாளைத் திருத்தினால் நூற்றுக்கு நூறுதானே!

இறுதியாக லைன்மேன். மின்கம்பத்தில் அனுமதியின்றித் தொங்கும் கேபிளை மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் ஆட்கள் அறுத்துப் போடும் நாளில் அவர் அவதரிக்க வேண்டும். ‘நாளே பர்த்தீனி சார்’ (நாளை வருகிறேன் சார்) என்கிறார். தொண்ணூறுகளில் இவ்வூர் மக்கள் பேயை விரட்டக் கதவில் ‘நாளே பா’ என்று எழுதிவைத்தார்கள் என்பது நாட்டார் வழக்கு. நாளை வா என்றால் பேய் திரும்பிப் போய்விடுமாம். அந்தச் சூத்திரம் கதவுக்கு வெளியிலிருந்தும் வேலை செய்யும் என்று கண்டது கஸ்டமர் கேர்.

லைன்மேன் வந்த பிறகும் ஒரு சிக்கல் தீரவில்லை. புகாரை முடித்துவைக்கும் ஓடிபியைச் சொன்னால்தான் வேலை முடிந்ததாகும் என்பது லைன்மேன் கொள்கை. லைன் வந்தால்தான் ஓடிபி என்பது வீட்டுக்காரர் கொள்கை. கோரமங்களாவில் ஒரு மூன்றாம் மாடி வாசலில் பூர்வபட்சம் முடிந்திருக்கிறது. சித்தாந்தம் சொல்ல ஏரியா மேனேஜரை அழைத்திருக்கிறார்கள், நாளே பர்த்தாராம்.