ஃப்யூஸின் பிராணத்தியாகம்

1984-இல் மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்திறங்கிய பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்களுள் ஒன்று, தன் 32 கிலோபைட் ஞாபகசக்தியுடன் மயிலாப்பூர்ப் பரணொன்றில் வனவாசம் முடித்து இறங்கி, சுவிட்சைத் தட்டிய மாத்திரத்தில் ‘டப்’ என்று மௌனவிரதம் பூண்டது. பிராணத்தியாகம் செய்திருந்தது மின்சப்ளைப் பெட்டிக்குள்ளிருந்த ஃப்யூஸ். அதன் கண்ணாடிக் குழாயின் உட்புறம் மை பூசினாற்போல் கறுத்திருந்தபடியால், குற்றவாளி வேறிடத்தில் இருப்பது ஸ்பஷ்டம்.

ரிச்சி தெருக் கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “எதுக்கு சார் சின்ன ஆம்பியர்? பத்து போட்டுடுங்க, இனிமே போகவே போகாது” என்றார். வாஸ்தவம், ஃப்யூஸ் போகாது, அதற்குப் பதிலாகப் போகக்கூடியவற்றின் ஜாபிதாதான் நீளும். பீங்கான் ஃப்யூஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டு நிம்மதியாக உறங்கிய பரம்பரையாகிய நமக்கு, இந்த யோசனை பரம சாஸ்திரீயமாகவே தோன்றும்.

பல்லாண்டு ஈரக்காற்றைக் குடித்து மேலோடு வெடித்திருந்த காகிதக் கபாசிட்டரையும் மாற்ற வேண்டுமே என்று விசாரித்தபோது, அவர் அபயமளித்தார்: “அது கொஞ்சம் புகையும், அவ்வளவுதான் சார், மெஷின் ஓடும்.”