28 வருஷ நிச்சயதார்த்தம்

எட்டாம் ஹென்றிக்கு முதல் மனைவியோடு ஒத்துவரவில்லை. அதனால் நாசரேத்துக்காரரும் பசுமலைக்காரரும் ஒரே மேஜையில் திருவிருந்து எடுக்க முடியாமல் போயிற்று. நடுவில் நானூறு வருஷமும் பல ஆயிரம் மைலும் கிடப்பதால் சம்பந்தம் சட்டென்று பிடிபடாது. கொஞ்சம் விளக்கினால் சரியாகிவிடும்.

மணமுறிவு தர மறுத்த போப்பை முறைத்துக்கொண்டு, 1534இல் இங்கிலாந்து திருச்சபைக்கு ஹென்றி தன்னையே தலைவராக்கிக்கொண்டார். போப்தான் போனார், பிஷப்புகள் அப்படியே இருந்தார்கள். "அவர் போனால் போதுமா, இவர்களும் போக வேண்டாமா?" என்று கேட்ட கூட்டத்தில் ஒரு பகுதி 1620இல் மேஃபிளவர் கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும், மேலே எவனும் கிடையாது என்பது அவர்கள் கட்சி. இவர்கள் காங்கிரிகேஷனல்காரர்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் பிஷப்பைத் தூக்கிவிட்டு மூப்பர் சங்கத்தை உட்கார வைத்தார்கள். அது பிரஸ்பிட்டீரியன். ஜான் வெஸ்லி ஆங்கிலிக்கன் குருவாகவே வாழ்ந்து 1791இல் ஆங்கிலிக்கன் குருவாகவே கண்ணை மூடினார். அவர் பின்னால் போனவர்கள் மட்டும் மெதடிஸ்ட் என்று தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்.

இத்தனை பேரும் அங்கேயே அடித்துக்கொண்டிருந்தால் நமக்கென்ன? ஒவ்வொருவராகக் கப்பலேறி இங்கே வந்தார்கள். கடவுள் ஒருவர்தான், கம்பெனி பல. தெற்குத் திருவிதாங்கூர் லண்டன் மிஷனுக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் வந்த அமெரிக்கன் மிஷனுக்கு மதுரை. திருநெல்வேலி ஆங்கிலிக்கனுக்கு. அதற்குள்ளும் ஒரே சபையின் இரண்டு சங்கங்கள்: பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ்.; நாசரேத், இடையன்குடி, சாயர்புரம் எஸ்.பி.ஜி. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் போகக் கூடாது என்று மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

விளைவு? ஒருவருடைய இறையியலை நிர்ணயித்தது வேதமும் இல்லை, பிரார்த்தனையும் இல்லை, பிறந்த ஊர். சாயர்புரத்தில் பிறந்தால், அப்போஸ்தலர் காலம் முதல் கைமேல் கை வைத்து வரும் பிஷப் பரம்பரை இல்லாமல் சபையே இல்லை என்று நம்ப வேண்டும். மதுரைப் பக்கத்துப் பசுமலையில் பிறந்தால், அந்தப் பரம்பரையே தேவையில்லாத சுமை என்று நம்ப வேண்டும். சாயர்புரத்துப் பெண்ணை லண்டன் மிஷன் நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்தால், வண்டி போய்ச் சேருவதற்குள் அவள் கொள்கை மாறியாக வேண்டும். கால்டுவெல்லே 1838இல் லண்டன் மிஷன் ஆளாக வந்து 1841இல் ஆங்கிலிக்கன் ஆகி இடையன்குடிக்குப் போனவர். தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பம் என்று உலகத்துக்கு எடுத்துக்காட்டிய மனிதர். லண்டன் மிஷனும் எஸ்.பி.ஜி.யும் ஒரே குடும்பம் என்று எடுத்துக்காட்ட அவராலும் முடியவில்லை. ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றுக்குப் போக வேண்டியிருந்தது.

இந்தக் கூத்து போதும் என்று நினைத்தவர்களில் ஒருவர் வி.எஸ். அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் எழுந்து நின்று, நீங்கள் செய்த தியாகமெல்லாம் சரி, எங்களை நண்பர்களாக நடத்தப் பழகுங்கள் என்ற பொருளில் பேசி, கூடியிருந்த துரைமார்களை நெளிய வைத்தவர். இரண்டு வருஷத்தில் அவரையே தோர்ணக்கல்லுக்குப் பிஷப்பாக்கினார்கள். இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பிஷப் அவர்தான்.

1919 மே முதல் வாரம். கோடை வெயில். தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இரண்டு பேரைத் தவிர அத்தனை பேரும் இந்தியர்கள். அசரியா ஒரு பக்கம். காங்கிரிகேஷனலும் பிரஸ்பிட்டீரியனும் 1908இலேயே சேர்ந்து உண்டாக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையின் சார்பில் மதுரைப் பக்கத்து சந்தியாகு ஐயர் இன்னொரு பக்கம். கடற்காற்று உதவியதோ என்னவோ, இரண்டே நாளில் அறிக்கை தயார். அதன் சாரத்தை நம் பாஷையில் சொன்னால்: இந்தச் சண்டை நாங்கள் போட்டது இல்லை, வெளியிலிருந்து வந்து எங்கள் தலையில் விழுந்தது, இதைக் கட்டிக் காப்பாற்ற எங்களுக்கு ஆசையும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. தரங்கம்பாடி லுத்தரன்களின் ஊர். 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கிய மண். ஊர் அவர்களுடையது, ஆனால் 1947இல் சபைகளின் கலியாணம் நடந்தபோது லுத்தரன்கள் தாலி கட்டிக்கொள்ளாமல் ஒதுங்கி நின்றார்கள்.

இரண்டு நாளில் பெண் பார்த்து முடித்தாயிற்று. நிச்சயதார்த்தம்தான் 28 வருஷம் நீண்டது.

1920இல் கூட்டுக் கமிட்டி உட்கார்ந்தது. 1925இல் மெதடிஸ்டுகளும் வந்து சேர்ந்தார்கள். 1929இல் முதல் திட்டம் அச்சாயிற்று. அப்புறம் அதைத் திருத்தினார்கள். திருத்தியதைத் திருத்தினார்கள். பதிப்பு ஏழு வரை போயிற்று. அதற்குள் காந்தி தண்டிக்கு நடந்து போய் உப்பெடுத்துவிட்டார். ஓர் உலகப் போரும் தொடங்கிவிட்டது. கமிட்டி அசையவில்லை.

எல்லாச் சண்டையும் பிஷப் என்ற ஓர் ஆளைப் பற்றித்தான். மற்றதெல்லாம் சில்லறை. திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் குடிப்பதா, சின்னச் சின்னக் கிண்ணமா? திராட்சரசம் புளித்ததா, புளிக்காததா? முழங்கால் போடுவதா, உட்கார்ந்தே வாங்குவதா? இதற்கெல்லாம், அவரவர் சபையில் அவரவர் பழக்கம் இருக்கட்டும் என்று எழுதித் தப்பித்துவிட்டார்கள். பிஷப்பை மட்டும் அப்படி விட முடியவில்லை. ஒரு தரப்புக்கு அவர் உயிர்நாடி, இன்னொரு தரப்புக்கு ஒவ்வாமை. வருஷக்கணக்கில் நடந்த பேச்சைச் சுருக்கினால் இப்படி வரும்:

"பிஷப் இல்லாம சபை இல்லீங்க."

"இருக்கட்டும். ஆனா அவரு பிஷப் மாதிரி நடந்துக்கக் கூடாது."

"அப்போஸ்தலர் காலத்திலேர்ந்து வர்ற பரம்பரை ஐயா அது!"

"வரட்டும், வேண்டாங்கல. அதுக்கு நீங்க சொல்ற அர்த்தத்தைத்தான் வேண்டாங்கறோம்."

சிரிக்கலாம். ஆனால் கடைசியில் வென்றது இந்தப் பதில்தான். புதிய சபையில் பிஷப் உண்டு. அவர் எதற்காக உண்டு என்பதற்குக் குறிப்பிட்ட எந்த விளக்கத்தையும் யாரும் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. உலகத்தில் எத்தனையோ அமைப்புகள் தெளிவான கொள்கையின் மேல் எழுப்பப்பட்டு, அந்தத் தெளிவினாலேயே இரண்டாகப் பிளந்திருக்கின்றன. இவர்கள் குழப்பத்தை அப்படியே அஸ்திவாரத்தில் போட்டு மேலே கட்டினார்கள்.

இதைவிடச் சாமர்த்தியமான வேலை ஒன்றும் செய்தார்கள். பிஷப் கை வைக்காமல் குருப்பட்டம் பெற்ற பழைய ஐயர்மாரை என்ன செய்வது? மறுபடி கை வை என்றால், இத்தனை வருஷம் நான் செய்ததெல்லாம் பொய்யா என்று அவர்கள் கேட்பார்கள். வைக்காதே என்றால் ஆங்கிலிக்கன் முகம் சுளிக்கும். கமிட்டி தந்த தீர்ப்பு: இருக்கிறவர்கள் இருக்கிறபடியே இருக்கட்டும், இனி பட்டம் பெறுகிறவர்களுக்கு மட்டும் பிஷப் கை வைப்பார், 30 வருஷம் கழித்து மீதியைப் பேசிக்கொள்ளலாம். 30 வருஷத்தில் பழையவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றிருப்பார்கள் அல்லது மகிமைக்குள் போயிருப்பார்கள். வாதத்தில் யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை, வயதாக விட்டால் போதும். மனச்சாட்சிக்கு ஒவ்வாத குருவை எந்தச் சபைமீதும் திணிக்க மாட்டோம் என்று ஒரு வாக்குறுதியையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இங்கே இருந்தவர்கள் இப்படி இறங்கி வந்துகொண்டிருக்க, லண்டனில் ஒருவருக்கு ரத்தம் கொதித்தது. டி.எஸ். எலியட். ஆம், அந்தக் கவிஞரேதான். அமெரிக்காவில் யூனிட்டேரியன் குடும்பத்தில் பிறந்து, 1927இல் ஆங்கிலிக்கன் ஆனவர். இடையில் வந்து சேர்ந்தவருக்கு வைராக்கியம் ஒரு பிடி தூக்கலாக இருப்பது எல்லா மதத்திலும் கண்ட விஷயம். 1943இல், உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரத்தில், தென்னிந்திய இணைப்புத் திட்டத்தை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் எழுதினார். இது இணைப்பு இல்லை, அழிப்பு என்பது தலைப்பிலேயே தெரிந்தது. தன் பெரிய கவிதையை உபநிஷத்தின் சாந்தி மந்திரத்தோடு முடித்தவர், இந்தியாவிலிருந்து ஒரு சமாதான யோசனை வந்ததும் சாந்தியை இழந்தார்.

அவர் பயத்தையும் முழுக்கத் தள்ள முடியாது. எல்லோரும் ஒத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு வாக்கியத்தை நீர்க்க வைத்தால் அதில் என்ன மிஞ்சும் என்று அவர் தரப்பு கேட்டது. நியாயமான கேள்வி. ஆனால் லண்டனில் இருந்துகொண்டு கேட்கச் சுலபமான கேள்வி. இங்கே ஒரு குடும்பத்தில் மாமனார் ஒரு சபை, மருமகன் ஒரு சபை. வேதநாயக சாஸ்திரியார் லுத்தரன். அவர் கீர்த்தனைகளைப் பாட மட்டும் யாரும் எந்தச் சபைச் சீட்டும் கேட்கவில்லை. பாட்டில் எப்போதோ சேர்ந்துவிட்டவர்களைப் பந்தியில் மட்டும் பிரித்து வைத்திருந்தது பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து.

ஓட்டெடுப்புகள் வந்தன. 1943இல் மெதடிஸ்டுகள் சரி என்றார்கள். 1945 ஜனவரியில் ஆங்கிலிக்கன் பேரவை சரி என்றது. அதைப் பார்க்க அசரியா இல்லை. அந்த ஜனவரி முதல் தேதியே இறந்துபோயிருந்தார். தயங்கித் தயங்கி 1946இல் ஐக்கிய சபையும் தலையாட்டியது.

1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயம். வெள்ளைக்காரன் கொடியை இறக்கி 43 நாள் ஆகியிருந்தது. அதற்குள் அவன் சண்டைகளில் ஒன்றையும் இறக்கி வைத்தாயிற்று. பிஷப் சி.கே. ஜேக்கப் தலைமை தாங்கி அறிவிப்பை வாசித்தார். தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 14 திருமண்டலங்கள், ஏறக்குறைய பத்து லட்சம் பேர். பிஷப் உள்ள சபையும் பிஷப்பே ஆகாது என்ற சபைகளும் ஒரே அமைப்பாக இணைந்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே 9 புதிய பேராயர்களை அபிஷேகம் செய்தார்கள். அதில் ஒருவர் லெஸ்லி நியூபிகின், வயது 37. ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டீரியன் ஐயர். அதாவது பிஷப்பே வேண்டாம் என்ற வம்சம். அவரைப் பிஷப்பாக்கி அனுப்பிய இடம் மதுரை, ராமநாதபுரம். அதாவது பெரும்பாலும் மேஃபிளவர் வம்சத்தார் வளர்த்த, பிஷப்பையே பார்த்திராத சபைகள். தனக்கே பழக்கமில்லாத வேலையை, அதைக் கேட்டிராத ஜனங்களுக்கு அவர் செய்ய வேண்டியிருந்தது. நன்றாகவே செய்தார் என்றுதான் ஊர் சொன்னது.

இங்கிலாந்து கொஞ்ச காலம் உம்மென்று இருந்தது. 1948 லாம்பெத் மாநாட்டில் கூடிய ஆங்கிலிக்கன் பிஷப்புகளால் இந்தப் புதுப் பிஷப்புகளை முழு மனதோடு பிஷப் என்று சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. 1955இல் இங்கிலாந்து திருச்சபை ஒரு மாதிரி இறங்கி வந்தது. 1970இல் வட இந்தியாவிலும் சபைகள் இணைந்து ஒரு திருச்சபை ஆயின.

இதோடு கதையை நிறுத்தினால் பிரசங்கம் ஆகிவிடும். இங்கிலாந்திலிருந்து வந்த சுவரை 28 வருஷம் உட்கார்ந்து பேசி இடித்தவர்கள், உள்ளூர்ச் சாதிச் சுவரை அப்படி இடிக்கவில்லை. ஒரே சபை, ஒரே பேராயர், ஆனால் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் தனித்தனி வரிசை உள்ள ஊர்கள் இருக்கின்றன. பிஷப் விஷயத்தில் நிலைமை தலைகீழ். அந்தப் பதவியே வேண்டாம் என்றவர்களைச் சம்மதிக்க வைக்க அன்றைக்கு 28 வருஷம் ஆயிற்று. இன்றைக்கு அந்தப் பதவியைப் பிடிக்க அணிகள், நோட்டீஸ்கள், நீதிமன்றத் தடையாணைகள். பிஷப் எதற்கு என்ற கேள்விக்கு 1947இல் பதில் எழுதாமல் விட்டது வசதியாகப் போயிற்று. ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம் பாக்கி. 1947இல் எல்லோரும் வந்துவிடவில்லை. ஆந்திரத்தில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்களில் ஆயிரக்கணக்கானோர் வர மறுத்தார்கள். எஸ்.பி.ஜி. வளர்த்த பிள்ளைகள். பேதுரு காலம் முதல் அறுபடாமல் வந்த கைகளின் சங்கிலி சென்னையில் அறுந்துவிடும் என்பது அவர்கள் பயம். பல வருஷம் வெளியே நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். 2013இல் தென்னிந்தியத் திருச்சபை தன் முதல் பெண் பேராயரை அபிஷேகம் செய்தது. புஷ்பலலிதா அம்மையார். அவருக்குக் கொடுத்த திருமண்டலம் நந்தியால்.

சங்கிலி அறுந்துவிடும் என்று பயந்த ஊரில், அதன் புதிய கண்ணி வளையல் போட்ட கை. எலியட் துரை இருந்திருந்தால் இன்னொரு துண்டுப் பிரசுரம் நிச்சயம்.