ஏரி பெருசுதான், மதகு எத்தினி தொறந்திருக்கு?

வாடா பேராண்டி, உக்காரு. பிளக் பாயின்ட் பக்கத்துலயே கட்டிலை இழுத்துப் போட்டுக்கினியாமே, ஆயா சொன்னா. நல்ல எடம், காத்து வராட்டியும் கரண்ட் வரும்.

பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த என் சொல்தா மச்சான் பிரான்சுலேர்ந்து கொண்டாந்து குடுத்தாரே ஸ்டீம் டெக்குன்னு ஆட்டப் பொட்டி, அது மேல குத்தம் இல்ல. 2 மணி நேரத்துலேர்ந்து 8 மணி நேரம் வரைக்கும் பேட்டரி நிக்கும்னு கம்பெனிக்காரன் நேர்மையாதான் சொல்லியிருக்கான். நீதான், மாப்பிள்ளைக்கு மாசம் பத்தாயிரத்துலேர்ந்து நாப்பதாயிரம் வரைக்கும் வரும்னு தரகர் சொன்னா, நாப்பதை மட்டும் காதுல வாங்கிக்கிற சாதி.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் ராத்திரி ஞாபகம் இருக்கா? புதுச்சேரில ஒரே நாள்ல 46 சென்டிமீட்டர் மழை, ஊரே இருட்டு. நூறு பர்சென்ட் இருக்குன்னு மொளைக்காத மீசைய முறுக்கினே. வெளிச்சம் முழுசு, சத்தம் முழுசு, நொடிக்கு 60 படம். ரெண்டு மணி நேரத்துல பொட்டி கண்ணை மூடிச்சி. என் டார்ச்சுலேர்ந்து பேட்டரிக் கட்டையை உருவி, அதுல எங்க சொருவறதுன்னு தேடினே பாரு, அன்னிக்கித்தான்டா உன் படிப்பு மேல எனக்கு நம்பிக்கை வந்துச்சி.

பாகூர் ஏரித் தண்ணில நட்ட கை இது. ஏரி ரொம்பியிருக்கான்னு மட்டும் பாத்தா பத்தாது, எத்தினி மதகு தொறந்திருக்குன்னும் பாக்கணும். உன் பொட்டி ஏரி 40 வாட் ஹவர். பெரிய சண்டை ஆட்டம் 20 வாட்டுக்கு மேல குடிக்கும், வகுத்துக்க. சின்ன ஆட்டம் போட்டு அடக்கி வச்சா 7 வாட்டு.

அப்புறம் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுல ஒரு பவர் பேங்க் வாங்கினியே. கொட்டை எழுத்துல பத்தாயிரம் எம்.ஏ.எச். பொட்டில இருக்கிறது ஐயாயிரத்துச் சொச்சம், அப்ப ரெண்டு தடவை ஏத்தலாம்னு கணக்கு போட்டே. வோல்ட்டை யாருடா பெருக்குவா, உங்க ஆயாவா? பவர் பேங்க் செல்லு 3.7 வோல்ட்டு, பெருக்கினா 37 வாட் ஹவர். உன் பொட்டில 7.7 வோல்ட்டு, அதான் 40. ஏத்தற வழியில சூடாப் போறது தனி. ஒரு தடவைகூட ரொம்பாது. படியையும் மரக்காலையும் ஒண்ணுன்னு நெனச்சி நெல்லு அளந்திருக்கே.

உங்க அப்பனுக்கும் இதே மச்சான்தான் கேம் பாய் கொண்டாந்தாரு, 1989ல வந்த சரக்கு. நாலு பென்சில் செல்லு. கலர் இல்ல, உள்ள வெளக்கும் இல்ல; திண்ணையில வெயில் பாத்து சாஞ்சிக்கினு ஆடுவான். பத்து மணி நேரத்துக்கு மேல தாங்கும். மறு வருசமே செகாக்காரன் கலரும் வெளக்குமா கேம் கியர் எறக்கினான். ஆறு செல்லு போட்டா மூணுலேர்ந்து அஞ்சு மணி நேரம். வித்தது என்னமோ கருப்பு வெள்ளைதான். செத்த செல்லை உங்க அப்பன் மாடியில காயவச்சி இன்னும் கொஞ்சம் ஓட்டுவான். அந்த வித்தைய நீ காட்டிடாதே. லித்தியம் வெயிலுக்கு உப்பிக்கும்.

என் பேச்சைக் கேக்க வேணாம். 60 படத்தை 40 ஆக்கினா பெரிய மனுசன் தோரணை போயிடும். வெளிச்சத்தைக் கொறச்சா, இன்டர்நெட் இல்லாத ஆட்டத்துக்கு வைஃபையை அணைச்சா, ராத்திரி ஒரு மணிக்கு மேலயும் ஆட வேண்டி வரும். பாவம், தூக்கம் கெட்டுடும்.

கார்த்திகை வருது, மறுபடியும் புயல் மாசம். என் டார்ச்சுக்குப் புதுக் கட்டை வாங்கி ஆயாகிட்ட குடுத்து பூட்டச் சொல்லிட்டேன்.