வலைப்பதிவுக் கல்வியில் ஒரு முன்னோடி மன்றம்

வலைப்பதிவு, அதாவது புதிய குறிப்பு எப்போதும் மேலே நிற்குமாறு நாள்வரிசையில் எழுதப்படும் இணைய ஏடு, சிறுவர்க்கு எவ்வாறு கற்பிக்கப்பட வேண்டும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் ஆர்கைல்-பியூட் உள்ளாட்சி மன்றம் 2012இல் வழங்கிய முன்மாதிரி இன்னும் போதிய அளவு போற்றப்படவில்லை. அங்கு ஒன்பது வயது மாணவி ஒருத்தி, தன் பள்ளி மதிய உணவைப் படமெடுத்து, பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட்டு, எத்தனை கவளம் தேறியது, தலைமுடி ஏதும் கிடந்ததா என்பதுவரை தன் வலைப்பதிவில் கணக்கெழுதி வந்தாள். மதிப்பெண் இடுவது பெரியோர் கடமை, பெறுவதே சிறுவர் பேறு என்னும் கல்வியியல் அடித்தளம் இதனால் ஆட்டங்கண்டது. முழுப் பூசணிக்காயை மறைக்கவேனும் தட்டு நிறையச் சோறு வேண்டும். அவள் தட்டில் கிடந்த ஒரு துண்டு பீட்சாவும் ஒற்றை உருளைக்கிழங்கு உருண்டையும் எதைத்தான் மறைக்கும்? ஆகவே ஜூன் மாதத்தில் மன்றம் படமெடுப்பதைத் தடைசெய்தது. சமையலைத் திருத்தப் பணமும் காலமும் வேண்டும், படக்கருவியைத் திருத்த ஒரு கட்டளை போதும் என்னும் இச்சிக்கனத்தை மருத்துவமனைகளும் பின்பற்றி, வெப்பமானிகளை அகற்றிக் காய்ச்சலை ஒழிக்கலாம். தடை மறுநாளே நீங்கியது. ஆயினும் அத்தடையால் திரண்ட வாசகர்கள், அச்சிறுமி ஆதரித்த அறப்பணிக்கு, மலாவி நாட்டுப் பள்ளிச் சிறுவர் உண்ணும்பொருட்டு, ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வழங்கினர். இத்துணை ஆதாயமான விளம்பரத்தைச் செய்தளித்த மன்றம், அதற்காகக் கட்டணம் ஏதும் கோரவில்லை.