பேய்க்கும் கடன் கிடையாது

கியோட்டோவில் சுமார் 1,600 புத்தக் கோயில்கள் உண்டு. பெரும்பாலானவை மாலை ஐந்து மணிவாக்கில் நடையைச் சாத்திவிடும். அதற்குப் பிறகும் கோயில் வீதிகளைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஒருவர் பணம் வாங்கினால் எதைக் காட்டுவார்? கதவைத்தான். நானும் மனைவியும் கட்டணம் கட்டி, ஹிகாஷியாமா பகுதியின் கதவுகளைப் பார்க்கக் கிளம்பினோம்.

"சாமியும் இல்ல, பிரசாதமும் இல்ல. எதுக்குங்க இதுக்குக் காசு?" என்றாள் மனைவி.

கையில் சின்னக் கொடியோடு வந்த வழிகாட்டிப் பெண்மணி, இந்த மலையடிவாரம் ஒரு காலத்தில் ஊருக்கே இடுகாடாக இருந்தது என்றும், இன்று பெரும்பாலும் சாவுக் கதைகள்தான் என்றும் அறிவித்தார். அறிவித்துவிட்டு, இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

முதலில் கியோமிசு கோயில் வாசல். மலைச்சரிவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் மரமேடை 13 மீட்டர் உயரம்; இப்போது இருப்பது 1633இல் கட்டியது. அங்கிருந்து குதித்துப் பிழைத்தால் நினைத்தது நடக்கும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். கோயில் ஏடுகளில் பதிவான தாவல்கள் 234. நம் சட்டமன்றத் தொகுதிகளும் அத்தனையே. தாவியவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் பிழைத்துக்கொண்டார்கள் என்று கேட்டபோது ஒற்றுமை இன்னும் வலுத்தது. 1872இல் அரசு தாவலுக்குத் தடை போட்டது. அந்த ஊரில் அது பலித்துவிட்டது.

அடுத்து சன்னென்சகா. கல்படிகளாக இறங்கும் இந்தச் சரிவில் தடுக்கி விழுந்தால் மூன்று வருடத்தில் சாவு. பக்கத்து நினென்சகாவில் விழுந்தால் இரண்டே வருடம். நம் முனிவர்களுக்குக் கோபம் வந்தால் அந்த நிமிடமே எதிராளி கல்லாகிவிடுவான். இவர்களோ மூன்று வருடம் அவகாசம் கொடுத்துச் சபிக்கிறார்கள். அதற்குள் வீட்டுக்கடனை அடைத்து மகள் கல்யாணத்தையும் முடித்துவிடலாம். பரிகாரத்துக்கும் அலைய வேண்டாம். படிகளின் அடியிலேயே சுரைக்குடுவை விற்கும் கடை இருக்கிறது. ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் விழுந்த தோஷம் விலகும்.

படி இறங்கும்போது மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பாசத்தில் நெகிழ்ந்தேன். "பாத்து இறங்குங்க. இந்த மாச இன்ஷூரன்ஸ் பிரீமியம் இன்னும் கட்டல" என்றாள்.

1440இல் எழுப்பிய யாசகா கோபுரத்தின் ஐந்து அடுக்குகளையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, கீழே ரோகுஹாரா பக்கம் இறங்கினோம். அங்கே ரோகுதோ சின்னோஜி கோயில். வழக்கம்போல் கதவைப் பார்த்தோம். உள்ளே ஒரு கிணறு இருக்கிறதாம். ஒன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் ஓனோ நோ தகமுரா பகலில் அரசவை அதிகாரி; இரவானால் இந்தக் கிணறு வழியாகப் பாதாளத்துக்கு இறங்கி எம்மாவுக்கு உதவியாளர். எம்மா வேறு யாருமில்லை, நம் எமதர்மன்தான். பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போனவர். சித்திரகுப்தனுக்கு அவ்வளவு தூரம் மாற்றல் பிடிக்கவில்லை போலிருக்கிறது, எமன் உள்ளூரிலேயே ஆள் எடுத்திருக்கிறார். இரண்டு வேலை பார்த்தவர் இரண்டு இடத்திலும் தூங்கி விழுந்ததாகக் கதையில் இல்லை.

அதே கோயிலில் ஒரு மணி. ஆகஸ்டில் ஒபோன் பண்டிகைக்கு முன் மக்கள் வரிசையில் நின்று அதன் கயிற்றை இழுக்கிறார்கள். ஓசை பாதாளம் வரை கேட்டு, முன்னோர்களின் ஆவிகள் வீடு வந்து சேர்கின்றன. பண்டிகை முடிந்ததும் ஒழுங்காகத் திரும்பிப் போய்விடுகின்றன. கூப்பிட்டால் மட்டும் வருவது, சொன்ன நாளில் கிளம்புவது என்ற இந்த நாகரிகத்தை உயிரோடிருக்கும் என் உறவினர்களிடம் நான் கண்டதில்லை.

அருகிலேயே ஒரு மிட்டாய்க் கடை. அதுவும் மூடியிருந்தது. 1599இல் ஒரு பெண் இரவுதோறும் வந்து ஒரு காசுக்கு மிட்டாய் வாங்கிப் போனாளாம். ஒருநாள் இடுகாட்டில் மண்ணுக்கு அடியில் குழந்தை அழும் சத்தம். தோண்டினால், இறந்துபோன தாயின் பக்கத்தில் உயிருள்ள பிள்ளை. அதன் பிறகு அவள் கடைக்கு வரவில்லை. பிள்ளை வளர்ந்து துறவியானான். கடை இன்றும் அந்த மிட்டாயை விற்கிறது. வழிகாட்டி பகலிலேயே வாங்கி வைத்திருந்ததில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். தேன் நிறம், கல் போல் கெட்டி. நான் சுவையை விட அந்தத் தாயின் கணக்கு வழக்கைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். செத்த பிறகும், பசித்த பிள்ளைக்காக வாங்கியபோதும், அவள் கடன் சொல்லவில்லை.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் கெய்ஷாக்களின் பேட்டையான கியோன். அங்கே தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று 2019 முதல் பலகை வைத்திருக்கிறார்கள். கெய்ஷாக்களைத் துரத்தித் துரத்திப் படம் பிடித்த பயணிகளின் உபயம். 2024இல் சில சந்துகளுக்குள் நுழையவே கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். வந்த வழி நெடுகப் பேய்களுக்கென்று ஓர் எச்சரிக்கைப் பலகை கூட இல்லை. தேவைப்படவில்லை. எல்லாப் பலகையும் நமக்குத்தான்.

ஆகவே கியோட்டோ போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: அந்த ஊர்ப் பேய்கள் அளவுக்காவது ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள்.